அப்பாவின் பத்திரத்தில் ‘முதுமை’ என்று இருக்கிறது, நாட்டின் மரணக் கணக்கை நம்பலாமா?

வாசகர் கேள்வி (சுருக்கியது): டொக்டர், நான் வடமராட்சியில் ஆசிரியை, வயது 43. போன மாசியில் அப்பா வீட்டிலேயே நித்திரையில் போய்விட்டார். வயது 69. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தமும் பிறஷரும் இருந்தது. “சீனி இறங்கிட்டுது” என்று சொல்லிக் கடைசிக் காலத்தில் குளிசைகளை விட்டுவிட்டார். போவதற்கு முதல் கிழமை முழுக்கக் களைப்பு, வியர்வை. வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் காரணம் ‘முதுமை’ என்று இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, “யாழ்ப்பாணம் முழுக்க இப்ப கான்சர், கிணத்துத் தண்ணிதான் காரணம், அப்பாவுக்கும் அதுவாத்தான் இருக்கும்” என்கிறார். இணையத்தில் தேடினால் ஒரு பட்டியலில் இருதய நோய் முதலாவது, இன்னொன்றில் ஏதோ பக்டீரியா நோய் மேலே நிற்கிறது. இந்தக் கணக்கை நம்பலாமா? அப்பா அதில் எங்கே விழுந்திருப்பார்? அம்மாவும் (வெற்றிலை போடுவா) நானும் தம்பியும் (38, சிகரெட் பிடிப்பான்) எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்:

அன்புள்ள ரீச்சருக்கு,

அப்பாவின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். கேட்ட மூன்றுக்கும் நேராகவே பதில் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன். கணக்கை நம்பலாம், ஆனால் எந்தக் கணக்கு எதை எண்ணியது என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். அப்பா ‘முதுமை’ என்ற பெட்டிக்குள் போயிருக்கிறார், அவர் போயிருக்க வேண்டிய பெட்டி அதுவல்ல என்றுதான் நீங்கள் எழுதியதை வைத்து நான் நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இப்போது பார்க்க வேண்டியது பிறஷர், சீனி, தம்பியின் சிகரெட், அம்மாவின் வெற்றிலை. கிணற்றைப் பற்றியும் பேசுவோம், அது கொஞ்சம் பிறகு.

அப்பாவை நான் பார்க்கவில்லை, ஆகவே இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீண்டகால நீரிழிவும் பிறஷரும் உள்ள ஒருவர், குளிசையை நிறுத்தியிருந்தவர், ஒரு கிழமை களைப்பும் வியர்வையுமாக இருந்துவிட்டு நித்திரையில் போனார் என்று கேட்டால் எந்த வைத்தியரும் முதலில் நினைப்பது இருதயத்தைத்தான். நீரிழிவு பல வருடம் இருந்தால் நரம்புகள் பழுதாகும், அதனால் நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வரலாம். களைப்பு, வியர்வை, மூச்சு வாங்கல், வயிற்றுக்கு மேலே ஒரு அந்தரம், அவ்வளவுதான் இருக்கும். எங்கள் ஊரில் இதை வாய்வு என்று சொல்லி இஞ்சியும் உள்ளியும் கொடுத்துவிட்டுப் படுக்க வைக்கிறோம். இதை உங்கள் மனதை நோகடிக்க எழுதவில்லை, நீங்கள் அறிந்திருக்க வழியில்லை. இதே விடயம் இன்னொரு வீட்டில் நடக்கும்போது யாராவது ஒருவருக்கு ஞாபகம் வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சீனி இறங்கியது பற்றியும் ஒரு சொல்: அது இறங்கி நின்றது குளிசையால். குளிசையை விட்டால் திரும்ப ஏறும், ஏறுவது உடம்புக்குத் தெரியாது.

சரி, பத்திரத்துக்கு வருவோம். ஒருவர் வீட்டில் இறக்கிறார், சந்தேகத்துக்கு இடமில்லாத சாவு. விதானையார் (கிராம அலுவலர்) அறிக்கை தருகிறார், அதைக் கொண்டுபோய்ப் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிகிறோம். இரண்டு பேரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. “என்ன வருத்தம் இருந்தது?” என்று அவர்கள் கேட்கிற நேரம் வீட்டில் என்ன நிலைமை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பந்தல் போடுகிறார்கள், ஒரு பக்கம் ஐயருக்குச் சொல்ல வேண்டும், வெளிநாட்டிலிருந்து கோல் மேல் கோல், பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கிறார்கள். கடைசியில் போகிறவர் ஒரு மச்சான் அல்லது சித்தப்பா. அவருக்கு அப்பாவின் கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. “வயசு போட்டுது, நித்திரையிலை போட்டார்” என்கிறார். பதிவாளர் கேட்டதை எழுதுகிறார். அந்த ஒற்றை வரி பத்தரமுல்லையில் இருக்கும் பதிவாளர் நாயகம் திணைக்களம் வரை போகிறது, நோய்களை வகைப்படுத்தும் சர்வதேச அட்டவணைப்படி குறியீடு போடப்படுகிறது, பிறகு தேசியப் புள்ளிவிவரத்தில் ஒரு எண்ணாகிறது. முதுமைக்கு அந்த அட்டவணையில் ஆர் 54 என்று ஒரு குறியீடே இருக்கிறது. ஆர் என்ற எழுத்தில் வருபவை எல்லாம் பெரும்பாலும் ‘நோய்க்குறி மட்டும் தெரியும், நோய் எதுவென்று தெரியாது’ என்ற வகை.

முதுமை என்று எழுதுவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2022 இல் இறந்த பிரித்தானிய மகாராணி இரண்டாம் எலிசபெத்தின் மரணப் பதிவிலும் காரணம் அதுதான். ஆனால் அவருக்கு வயது 96, எழுதியதும் ஒரு வைத்தியர். 69 வயதில் சீனியும் பிறஷரும் இருந்த ஒருவருக்கு அதை எழுதினால் அவருடைய உண்மையான வருத்தம் நாட்டின் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. இப்படி ஒவ்வொரு ஊரிலும் வருடா வருடம் எத்தனை அப்பாக்கள், அம்மம்மாக்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

‘மாரடைப்பு’ என்று எழுதுவதிலும் இதே சிக்கல், திசைதான் மாறுகிறது. “இதயம் நின்றது” என்பது சாவுக்கான காரணம் இல்லை, யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். ஆனால் ஊரில் திடீரென்று ஒருவர் போனால் உடனே ‘ஹார்ட் அற்றாக்’. அவர்களில் சிலருக்கு மூளையில் இரத்தக்கசிவாக இருந்திருக்கலாம், சிலருக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி. ஆகவே முதுமை என்ற பெட்டி இருதயத்திடமிருந்து கொஞ்சப் பேரை எடுக்கிறது, மாரடைப்பு என்ற சொல் மற்ற நோய்களிடமிருந்து கொஞ்சப் பேரை இருதயத்துக்குக் கொடுக்கிறது.

ஆஸ்பத்திரியில் இறந்தால் வைத்தியர்தான் காரணம் எழுதுவார், ஆகவே அது சரியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, உங்களைக் குழப்பிய பக்டீரியா நோயின் விடையும் அங்கேதான். மரணக் காரணப் படிவத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில கோடுகள் இருக்கும். முதல் கோட்டில் கடைசியாக உயிரை எடுத்தது எதுவோ அது. அடுத்த கோட்டில் அது எதனால் வந்தது. அதற்கும் கீழே அது எதனால். உதாரணத்துக்கு நீரிழிவு உள்ள ஒருவருக்குக் காலில் ஒரு சின்னப் புண், தோட்டத்தில் முள் குத்தியது என்று வைப்போம். காலில் உணர்ச்சி குறைவு, ஆகவே கவனிக்கவில்லை. புண் அழுகுகிறது, கிருமி இரத்தத்தில் பரவுகிறது, இறந்துவிடுகிறார். படிவத்தில் மேலே ‘இரத்தத்தில் கிருமித்தொற்று’, அதற்குக் கீழே ‘கால் அழுகல்’, அதற்கும் கீழே ‘நீரிழிவு’ என்று வர வேண்டும். நாட்டின் கணக்கில் அடிப்படைக் காரணமாக ஏற வேண்டியது அந்த அடிக் கோடு, அதாவது நீரிழிவு. இரவு வேலையில் நிற்கும் இளம் வைத்தியர் அவசரத்தில் முதல் கோட்டை மட்டும் நிரப்பிவிட்டால் நீரிழிவு மறைந்துவிடுகிறது, கிருமி மட்டும் எஞ்சுகிறது.

சுகாதார அமைச்சு வருடா வருடம் வெளியிடும் அறிக்கையில், அரச வைத்தியசாலைகளில் நிகழ்ந்த மரணங்களின் பட்டியலில், 1995 இலிருந்து முதலிடத்தில் இருப்பது இருதயக் குருதிக்குழாய் அடைப்பு நோய். புற்றுநோயும் மேலேயே நிற்கும். அதே மேல்வரிசைகளில் ‘விலங்குகளிலிருந்து தொற்றும் நோய்களும் ஏனைய பக்டீரியா நோய்களும்’ என்று ஒரு தலைப்பு வரும். வாசிக்கிறவர்கள் நாய்க்கடியும் எலிக்காய்ச்சலும் இத்தனை பேரைக் கொல்கிறதா என்று பதறுவார்கள். எலிக்காய்ச்சல் அதற்குள் உண்டுதான், ஆனால் இரத்தத்தில் கிருமி பரவிய மரணங்களுக்குரிய குறியீடும் அதே தொகுதிக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலைப்பை மேலே தூக்கி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அந்தக் கிருமிக்குப் பின்னால் எத்தனை நீரிழிவு, எத்தனை சிறுநீரக நோய், எத்தனை படுக்கைப் புண் என்று பட்டியல் சொல்லாது. நான் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்த காலத்திலிருந்து இந்த ஒரு தலைப்பைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் கேட்டிருக்கிறார்கள்.

இணையத்தில் நீங்கள் பார்த்தவை ஒரே கணக்கின் வெவ்வேறு பிரதிகள் இல்லை என்பது இப்போது விளங்கும். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கணக்கில் வீடு, ஆஸ்பத்திரி, வீதி எங்கே இறந்தாலும் எல்லாரும் இருப்பார்கள். எத்தனை பேர் என்பதில் அது பலமானது, ஏன் என்பதில் பலவீனமானது. சுகாதார அமைச்சின் கணக்கில் அரச ஆஸ்பத்திரி விடுதிகளில் இறந்தவர்கள் மட்டும்தான், தனியார் ஆஸ்பத்திரியும் வீடும் இல்லை. ஏன் என்பது இதில் கொஞ்சம் தெளிவு. மூன்றாவது, உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் மற்றத் தரவுகளையும் வைத்து, முதுமை போன்ற தெளிவில்லாத காரணங்களைப் பிரித்து மற்றப் பெட்டிகளுக்குப் பங்கிட்டுப் போடும் மதிப்பீடு. 2016 ஆம் ஆண்டுக்கான அந்த மதிப்பீட்டின்படி இலங்கையில் நடக்கும் மரணங்களில் 83 வீதம் தொற்றா நோய்களால். அதில் இருதயமும் இரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டவை மட்டும் 34 வீதம், புற்றுநோய் 14, நீரிழிவு 9, நாட்பட்ட சுவாச நோய்கள் 8. மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் முதலிடம் மாறுவதில்லை. கீழே உள்ள வரிசைகள் ஆடும், மேலே உள்ளது ஆடாது. நான் நம்பச் சொல்வது அதைத்தான்.

இனி அண்ணாவின் கான்சர் கதை. அவர் பயப்படுவதில் தவறில்லை, ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் ஊரில் யாருக்கோ கான்சர் என்று கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் மட்டும் அதிகம் என்று சொல்வதற்கு முதல் சில விடயங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் இறப்பவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வடக்கு முழுவதிலிருந்தும் கடுமையான நோயாளிகள் அங்கே வருகிறார்கள். தெல்லிப்பழையில் 2013 இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்ட பிறகு முன்பு கொழும்புப் பக்கம் மகரகமவில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனவர்கள் இங்கேயே சிகிச்சை எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கை மாவட்டக் கணக்கென்று எடுத்து ‘யாழில் இத்தனை சாவு’ என்று செய்தி போட்டால் அது பிழையான செய்தி.

அடுத்தது வயது. இது எல்லாரும் மறந்துவிடுகிற விடயம். 1981 குடிசன மதிப்பீட்டில், கிளிநொச்சியைச் சேர்க்காமல், யாழ் மாவட்டத்தில் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 இல் 5 லட்சத்து 83 ஆயிரம். (இடையில் 2001 இல் எடுத்த கணக்கு வடக்கில் முழுமையாக எடுக்கப்படவில்லை, அதனால் அந்த வருடத்தோடு ஒப்பிடும் எந்த அட்டவணையையும் கவனமாகப் பாருங்கள்.) போனவர்கள் யார்? போரில் போனவர்களையும் வெளிநாடு போனவர்களையும் எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் இளம் வயது. இருந்தவர்களுக்கு வயது ஏறியது. நாடு முழுவதுமே அப்படித்தான், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2012 இல் 7.9 வீதம், 2024 இல் 12.6 வீதம். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேர் உள்ள இரண்டு ஊர்கள், ஒன்றில் 65 கடந்தவர்கள் இருநூறு பேர், மற்றதில் நூறு பேர் என்றால், முதல் ஊரில் புற்றுநோயும் மாரடைப்பும் பாரிசவாதமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தெரியும், அந்த ஊர்த் தண்ணியில் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும். அதனால்தான் வயதைச் சமப்படுத்திக் கணக்கிட்ட விகிதம் என்று ஒன்றைப் பார்க்கிறோம். அது இல்லாமல் இரண்டு மாவட்டத்தை ஒப்பிடும் எந்தச் செய்தியையும் அண்ணாவுக்கு அனுப்பாதீர்கள், அவர் அனுப்பினாலும் இதைக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இது அண்ணா பக்கம் நிற்கிற விடயம். புற்றுநோய் முற்றியவர்களை ‘வீட்டை கொண்டுபோங்கோ’ என்று அனுப்பிவிடுவதுண்டு, அவர்கள் வீட்டில் இறக்கிறார்கள், ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்கு புற்றுநோயைக் குறைத்துத்தான் காட்டும். அதேநேரம் அந்த நோயின் பெயர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், விதானையாருக்கும் தெரியும், ஆகவே பதிவாளரிடம் அது சரியாகப் பதியப்படும். இருதய நோய்க்கு அந்த வாய்ப்பில்லை. ஊர்ப்பேச்சில் கான்சர் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். மாதக்கணக்கில் கிடந்து இறப்பவரை எல்லாரும் பார்க்கிறார்கள், காலையில் எழும்பாமல் போனவருக்கு “நல்ல சாவு” என்கிறார்கள்.

கிணற்றுத் தண்ணி. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது, மேலே தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலக்குழிக் கழிவும் சுலபமாகக் கீழே இறங்கும். தோட்டச் செய்கை கூடிய இடங்களில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது உண்மை. இது கட்டாயம் தீர்க்க வேண்டிய பிரச்சினை. உடனடி ஆபத்து போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு, அவர்களுடைய இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் செறிவாகும், இதைப் பல தாய்மார் அறிவதில்லை. உடலுக்குள் சில நிலைமைகளில் அது புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்ற சந்தேகமும் விஞ்ஞானத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் கிணற்றைப் பரிசோதியுங்கள், எம்.ஓ.எச் ஒபிஸில் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை) பி.எச்.ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டால் எங்கே எப்படி என்று சொல்வார். ஆனால் அப்பாவின் சாவை அதன் தலையில் கட்ட நீங்கள் எழுதியதில் ஒரு ஆதாரமும் இல்லை.

ஏன் நாங்கள் எப்போதும் மற்றதற்கே பயப்படுகிறோம் என்று எனக்கும் யோசனை வருவதுண்டு. எங்கள் பேரன் பேத்தியார் காலத்தில் சாவு காய்ச்சலாகத்தான் வந்தது. 1934, 35 இல் வந்த மலேரியா இலங்கையில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோனது. 1946 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 பேர் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே, மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் சான்றிதழும் வாங்கிவிட்டோம். இதை நான் பெருமையோடு சொல்கிறேன், வீடு வீடாகப் போன மிட்வைஃப்மார்களின் உழைப்பு அது. ஆனால் பயம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 2017 இல் டெங்கு 1 லட்சத்து 86 ஆயிரம் பேரைப் பிடித்தது, 440 பேர் இறந்தார்கள், நாடே கலங்கியது, கலங்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் இலங்கையில் ஒரு வருடத்தில் இறந்தவர்கள் மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரளவில். அதில் மூன்றில் ஒரு பங்கு இருதயமும் இரத்தக் குழாயும் என்றால் நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது, அதற்கு ஒரு பத்திரிகையும் தலைப்புப் போடவில்லை. 2024 டிசம்பரில் உங்கள் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் வந்தபோது இரண்டொரு நாளில் வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்தடுப்புக் குளிசை கொடுக்கத் தொடங்கினார்கள். சிலர் இறந்தவுடனேயே அத்தனை வேகம் வந்தது. பிறஷருக்கு அந்த வேகம் வந்தால் எத்தனை பேர் இருப்பார்கள்!

எண்கள் வேலை செய்த இடமும் இருக்கிறது. 1995 அளவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிகக் கூடிய நாடுகளில் இலங்கை ஒன்று, லட்சத்துக்கு 47 பேர். எதனால் இறக்கிறார்கள் என்று ஒழுங்காகப் பதிந்திருந்ததால்தான் எந்தப் பூச்சிகொல்லிகள் கூடுதலாகக் கொல்கின்றன என்று தெரிந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். பிறகு வந்த வருடங்களில் அந்த விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறங்கியது. காரணம் என்ற இடத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பொதுச் சொல்லை எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்த உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்காது. அதனால்தான் அப்பாவின் பத்திரத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். நீரிழிவால் எங்கள் பகுதியில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், கிளினிக்குக்கு இன்னொரு வைத்தியர் தேவை, கால் புண்ணைப் பார்க்கத் தனியாக ஒரு தாதி தேவை என்று கேட்பவரின் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

பத்திரத்தைத் திருத்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். காப்புறுதி, ஓய்வூதியம் என்று எங்கேயாவது சிக்கினால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கிளினிக் கொப்பியோடு போய் விசாரியுங்கள். மற்றும்படி அதற்காக அலைந்து உங்களை வருத்த வேண்டாம். ஆனால் இனி உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு சாவு நடந்தால், பதியப் போகிறவர் கையில் இறந்தவரின் கிளினிக் கொப்பியையும், ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டையும் கொடுத்துவிடுங்கள். “சீனி, பிறஷர், பதினைந்து வருடம்” என்று விதானையாரிடம் சொன்னாலே போதும். முன்பு பார்த்து வந்த வைத்தியரிடமிருந்து ஒரு துண்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. செத்தவீட்டு அலுவல்களில் இதைப் பொறுப்பெடுக்க வீட்டு நிலவரம் தெரிந்த ஒருவரை விடுங்கள்.

இனி உங்கள் வீடு. நாட்டில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கூடிய பிறஷர் இருக்கிறது, 2021 இல் நடந்த தேசிய ஆய்வு சொல்வது. 2018, 19 இல் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு. இதில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அப்பாவுக்கு இருந்ததால் உங்களுக்கும் தம்பிக்கும் வாய்ப்பு இன்னும் கூட. அரச வைத்தியசாலைகளில் 35 வயது கடந்தவர்களைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன, பிறஷர், சீனி, இடுப்புச் சுற்றளவு எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் சீனி 126 அல்லது அதற்கு மேல் என்றால் திரும்பவும் ஒருமுறை எடுத்து உறுதிசெய்து மருந்து தொடங்க வேண்டும், 100 இலிருந்து 125 என்றால் இப்போதே திருப்பலாம், அந்த இடத்தில் பிடித்தால் மிக நல்லது. பிறஷர் 140 க்கு 90 ஐத் தாண்டி நின்றால் விடாதீர்கள். பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90, அதைத் தாண்டினால் எங்கள் ஆட்களுக்கு ஆபத்து தொடங்குகிறது. நீங்கள் வெல் வுமன் கிளினிக்குக்கும் ஒருமுறை போய்வாருங்கள், கர்ப்பப்பை கழுத்துப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் அங்கே செய்வார்கள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்கு, ஆரம்பத்தில் பிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

தம்பியிடம் சிகரெட்டைப் பற்றி நேரே பேசுங்கள். 38 வயதில் அப்பாவின் இரத்தமும் சிகரெட்டும் சேர்ந்தால் அவன் இருதயத்துக்குப் பத்து வருடத்தை முன்னாலேயே கொடுத்த மாதிரி. குறைக்கிறேன் என்பான், குறைப்பது போதாது, விட வேண்டும்.

அம்மாவின் வெற்றிலையில்தான் அண்ணா தேடுகிற கான்சர் ஒளிந்திருக்கலாம். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் இருப்பது வாய்ப்புற்று, வெற்றிலை போடும் பெண்களுக்கும் அது வருகிறது. புகையிலை சேர்த்தால் ஆபத்து கூடும், புகையிலை இல்லாமல் பாக்கும் சுண்ணாம்பும் மட்டும் என்றாலும் ஆபத்து இருக்கிறது, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். வெளிச்சத்தில் இருத்தி அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லுங்கள், கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் அடி, இரண்டு ஓரமும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படை, தடித்த இடம், மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் முன்போல் அகலத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிவு, இதில் ஒன்றிருந்தாலும் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நோவில்லை என்பதால் பேசாமல் இருக்க வேண்டாம், தொடக்கத்தில் அது நோகாது. இத்தனை வருடப் பழக்கத்தை விடச் சொன்னால் கோபிப்பா, முதலில் புகையிலையை எடுக்கச் சொல்லித் தொடங்குங்கள்.

சமையலில் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை, உப்பைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதற்குள் நிற்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வந்தால் அந்த அளவு அங்கேயே முடிந்துவிடும். குத்தரிசியாக இருந்தாலும் கோப்பை நிறையச் சோறு சீனியைக் கூட்டத்தான் செய்யும், அரைவாசி இடத்தை மரக்கறிக்கும் கீரைக்கும் விடுங்கள்.

அண்ணாவுக்கும் சொல்லுங்கள்: ரொறன்ரோவில் இருந்தாலும் அவரும் அப்பாவின் பிள்ளைதான், எங்கள் ஆட்களுக்கு மெலிந்திருந்தாலும் இளம் வயதிலேயே நீரிழிவு வருகிறது. ஊர்க் கிணற்றைப் பற்றிக் கவலைப்படுகிற அதே மனதோடு அவரும் தன் பிறஷரையும் சீனியையும் இந்த மாதம் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். நெஞ்சுக்குள் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, காரணமில்லாத வியர்வையும் மூச்சு வாங்கலும், வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை திடீரென்று தூக்க முடியாமல் போதல், பேச்சுக் குழறல், இதில் எது வந்தாலும் இஞ்சி அவிக்க வேண்டாம், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ், 2018 இலிருந்து எங்கள் பக்கமும் ஓடுகிறது, இரவிலும் வரும். வீட்டு விலாசத்தோடு பக்கத்தில் இருக்கிற கோயில் அல்லது சந்தியின் பெயரையும் சொல்லுங்கள், ஒழுங்கைக்குள் வீடென்றால் ஒருவரை ரோர்ச்சோடு வாசலுக்கு அனுப்புங்கள். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு முதலில் பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரிக்குப் போய் நேரத்தை விடாதீர்கள், இருதயத்துக்கும் மூளைக்கும் அடைப்பைக் கரைக்கிற மருந்து முதல் சில மணித்தியாலத்துக்குள் ஏற்றினால்தான் பயன்.